ஓரான் துறைமுகத்துப் பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

2000-ஆம் ஆண்டு வாக்கில் 'டெசர்ட் ரோஸ்' என்று ஒரு பாட்டு எங்கு திரும்பினாலும் ஒலித்துக்கொண்டிருந்தது. இங்கிலாந்துப் பாடகர் ஸ்டிங் பாடியது. அவருக்காகத்தான் நானும் அந்தக் கேசட்டை வாங்கினேன். போட்டால், முதலில் வருவது அவர் குரலே இல்லை. உச்சத்தில் நெளிந்து நெளிந்து போகிற ஓர் அரபுக் குரல். ஆணா பெண்ணா என்றுகூடச் சட்டென்று பிடிபடவில்லை. உறையில் பெயரைத் தேடினேன்: ஷெப் மாமி. நமக்கு மாமி என்றால் வேறு அர்த்தம், சிரிப்புதான் வந்தது. அல்ஜீரியாக்காரர், ஆண், பாடுவது 'ராய்' என்ற இசை என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது.

ராய் என்றால் அரபியில் கருத்து, அபிப்பிராயம். பாட்டுக்கு நடுவே 'யா ராய்' என்று அடிக்கடி வரும். 'என் புத்தியே, என்னை இப்படிக் கொண்டுவந்து விட்டாயே' என்கிற மாதிரியான புலம்பல். காதல், குடி, பிரிவு, வேலை தேடிப் போன ஊர் என்று எதையும் மூடி மறைக்காமல் பாடுவார்கள். ஊர் எது என்றால், அல்ஜீரியாவின் மேற்குக் கரையில் இருக்கும் ஓரான். ஸ்பானியர்கள் நெடுங்காலம் ஆண்ட துறைமுகம். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்தார்கள்.

இந்த இசை மேற்கத்திய பாப் இசையோடு கலந்த கதையைச் சொல்கிறவர்கள், பெரும்பாலும் பாரிஸிலிருந்து தொடங்குவார்கள். நாட்டுப்புறப் பாட்டு ஒன்று கிடந்தது, வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் வந்து மெருகேற்றினார்கள் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேசட் கேசட்டாகப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், கலப்பில்லாத ராய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

மெசாவுத் பெல்லெமூ என்று ஒருவர். ஓரானுக்குப் பக்கத்து ஊரான ஐன் தெமூஷென்ட்காரர். பழைய ராய்ப் பாட்டில் நாணல் புல்லாங்குழல் வாசித்த இடத்தில், இவர் டிரம்பெட்டை எடுத்து ஊதினார். சாக்ஸபோன், அக்கார்டியன் எல்லாம் கூட வந்து சேர்ந்தன. பிறகு த்லெம்சென் நகரத்து ராஷித் பாபா அகமது, ஃபெத்தி என்ற சகோதரர்கள் 1980-களில் சிந்தசைசரையும் டிரம் இயந்திரத்தையும் கொண்டுவந்தார்கள். மலிவான கேசட்டுகளாக ஊரெல்லாம் பரவியது அந்த ஓசைதான். எந்த மேல்நாட்டுக்காரரும் சொல்லித்தரவில்லை. கைக்கு எட்டிய கருவியை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பாடகர்களும் பெயருக்கு முன்னால் 'ஷெப்' போட்டுக்கொண்டார்கள். இளைஞன் என்று பொருள். முந்தைய தலைமுறை 'ஷேக்', பெரியவர். நாங்கள் அவர்கள் இல்லை என்று சொல்லாமல் சொன்னார்கள்.

அரசாங்கம் வெகுகாலம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. 1985-இல்தான் ஓரானில் ராய்க்கென்று ஒரு விழா நடந்தது. அதற்கப்புறம் கதவு திறந்துகொண்டது. ஷெப் காலித் என்ற ராய்ப் பாடகர் 1988-இல் 'குச்சே' என்ற தொகுப்பை இசையமைப்பாளர் சஃபி பூத்தெல்லாவுடன் செய்தார். 1992-இல் அவருடைய 'தீதீ' பாட்டு வந்தது. அதைத் தயாரித்தவர் அமெரிக்கரான டான் வாஸ். அரபு ஒரு வார்த்தை தெரியாதவர்களும் அதற்கு ஆடினார்கள். 1996-இல் வந்த 'ஆயிஷா'வை எழுதியவர் பிரெஞ்சுப் பாடகர் ஜான்-ஜாக் கோல்ட்மன். அழகான பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் அதில் ராய் என்று இருப்பது காலித்தின் தொண்டை மட்டும்தான். எனக்கு 'குச்சே' போதும்.

இதே ஆண்டுகளில் அல்ஜீரியாவில் உள்நாட்டுப் போர். காதல் பாட்டுகளால் இளைஞர்களைக் கட்டிப்போட்ட ஷெப் ஹஸ்னியை 1994 செப்டம்பர் 29-ஆம் தேதி ஓரானில், அவருடைய சொந்தப் பேட்டையில் சுட்டுக் கொன்றார்கள். வயது 26. மறு வருடம் ராஷித் பாபா அகமதுவும் கொல்லப்பட்டார். பாரிஸ் மேடைகளில் ராய் கொண்டாடப்பட்ட வருடங்களும் இவைதான்.

இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர் ஒரு பெண். ஷேக்கா ரிமித்தி. 1923-இல் பிறந்தவர். மதுக்கடையில் ரசிகர்களுக்காக 'இன்னொரு சுற்று ஊற்று' என்று அரைகுறை பிரெஞ்சில் கேட்டாராம். 'ரெமெத்தே' என்ற அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது என்பார்கள். கன்னித்தன்மை பற்றிய கட்டுப்பாடுகளைச் சீண்டி 1954-இல் அவர் பாடிய பாட்டு பெரிய அமளியைக் கிளப்பியது. விடுதலைக்குப் பிறகு அவர் நாட்டு வானொலியே அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வானொலியில் உட்கார்ந்து இதைச் சொல்வது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. அவரோ 70 வயதைத் தாண்டி, ராபர்ட் ஃப்ரிப் போன்ற ராக் கிடார்க்காரர்களோடு சேர்ந்து இசைத்தட்டு போட்டார். 2006 மே மாதம் பாரிஸில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் பாடினார். இரண்டே நாளில் காலமானார்.

இப்போது நீங்கள் கேட்கப்போவது ரிமித்தியின் பழைய ஒலிப்பதிவு. கஸ்பா என்ற நாணல் குழல், கெல்லால் என்ற தோல் மத்தளம், அவருடைய கரகரத்த குரல். வேறு எதுவும் கிடையாது. முதல் நிமிடம் காதுக்குப் பழகாது. வானொலியை அணைத்துவிடாதீர்கள்.