ஒரு தடவைதானே வந்தது?

வணக்கம் நேயர்களே. சிறுநீரில் ரத்தம் என்று என்னிடம் வருகிற ஆண்களில் பலர் நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுவார்கள், "ஒரே ஒரு தடவைதான் டாக்டர், அப்புறம் நின்றுவிட்டது" என்று. நின்றுபோனதுதான் எனக்கு உறுத்தும். சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பாலும் அப்படித்தான், வலி துளியும் இருக்காது, ஒரு நாள் சிவப்பாகப் போகும், பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, தண்ணீர் நிறையக் குடித்ததில் சரியாகிவிட்டது என்று மனிதர் நிம்மதியாக இருந்துவிடுவார். எரிச்சலோடு வந்தால் கிருமித்தொற்றா, விலாவில் சுருட்டிப் பிடித்தால் கல்லா என்று முதலில் பார்ப்போம். வலியே இல்லாமல் வந்தால், அதுவும் புகைபிடிப்பவருக்கு வந்தால், விடவே கூடாது.

பீட்ரூட் சாப்பிட்டாலும் காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டாலும் நிறம் மாறும், அது வேறு. சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். ஆனால் "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறேன், அதனால்தான்" என்று நீங்களாகவே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அந்த மாத்திரை, கசிகிற இடத்தை வெளியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். அந்த இடம் எது என்று தேட வேண்டாமா? ஸ்கேன் எடுத்தாயிற்றே என்பார்கள். சிறுநீர்ப்பையின் உள்சுவரில் தட்டையாகப் படர்ந்திருக்கும் கட்டி ஸ்கேனில் தப்பிவிடலாம். மரத்துப்போகும் ஜெல் தடவி, கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோபி சில நிமிட வேலை, பயந்த அளவுக்கு ஒன்றும் இல்லை.

சரி, ப்ராஸ்டேட்டுக்கு வருவோம், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கிற சுரப்பி அது. ரத்தத்தைப் பார்த்ததும் எல்லோரும் கேட்பது "ப்ராஸ்டேட் கேன்சரா டாக்டர்?" வயதானவர்களுக்கு அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தம் வந்தால், பெரும்பாலும் அது வயதோடு வருகிற சாதாரண வீக்கம், புற்று இல்லை. வீக்கம் சிறுநீர்க்குழாயை ஒட்டிய உள்பகுதியில் வளர்வதால் அடைப்பும் கசிவும் சீக்கிரம் வரும். புற்றோ பெரும்பாலும் வெளிப்பகுதியில், குழாயை விட்டுத் தள்ளி ஆரம்பிக்கிறது, அதனால் ஆரம்பத்தில் ரத்தமும் வராது, அடைப்பும் இருக்காது. ரத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ப்ராஸ்டேட் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். 50 வயதைத் தாண்டியவர்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்தால் இன்னும் முன்னதாகவே, பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை தனக்குத் தேவையா என்று மருத்துவரிடம் பேசுங்கள். அது கூடினாலே புற்று என்று அலற வேண்டாம், தொற்றிலும் வீக்கத்திலும் கூடும். இன்னொன்று, முடி கொட்டுகிறது என்று ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பிஎஸ்ஏ ஏறக்குறைய பாதியாகக் குறைந்து காட்டும், அதைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

சிவப்பாகப் போனால் கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஆரம்பத்தில் மட்டும் சிவப்பா, கடைசியிலா, முழுக்கவா என்பதையும் கவனியுங்கள், எங்கே தேடுவது என்பதற்கு அது துப்பு. கட்டி கட்டியாக ரத்தம் வந்து, முக்கியும் சிறுநீர் இறங்கவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.