பாசியாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று இந்தக் கரையோரம் முழுக்க வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். வலை பின்னிக்கொண்டே கேட்பவர்கள் கையை நிறுத்த வேண்டாம், காதை மட்டும் கொடுங்கள்.

நான் பல் மருத்துவர். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கம்தான் வேலை. என்னிடம் வருகிறவர்கள் அதிகம் சொன்னது, "வயசாச்சு டாக்டர், பல்லு விழத்தானே செய்யும்" என்பதைத்தான். அப்படிச் சொன்ன பலருக்கு ஐம்பதுகூட ஆகியிருக்காது. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். வயதானதால் மட்டும் பல் விழுவதில்லை. பெரும்பாலும் சொத்தையாலும் ஈறு நோயாலும்தான் போகிறது. இரண்டையும் தடுக்கலாம்.

ஈறு நோய் எப்படி வருகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், உங்கள் படகே சொல்லும். தண்ணீரில் கிடக்கிற படகின் அடியில் முதலில் வழவழவென்று பாசி பிடிக்கும். அப்போது துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் கொட்டலசு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் படகைக் கரையேற்றிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பல்லிலும் அப்படித்தான் தினமும் கிருமிகள் பாசி மாதிரி படிகின்றன. பிரஷ் பட்டால் போய்விடும். விட்டால் எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரையாக இறுகிவிடும். காரையின்மேல் இன்னும் கிருமி சேர்ந்து ஈறு வீங்கும், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெரும்பாலும் வலி தெரியாது, ரத்தம்தான் கசியும். ரத்தம் வருகிறதே என்று பயந்து பிரஷ் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அப்போதுதான் மென்மையான பிரஷ்ஷால் இன்னும் கவனமாகத் தேய்க்க வேண்டும். காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. காரை அடைத்திருந்த இடம் காலியாவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஈறைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும்.

காலையில் பல் தேய்க்காதவர் இங்கே யாரும் இல்லை. தூங்கப் போகும் முன்பு தேய்ப்பவர்கள்தான் குறைவு. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், பல்லைக் கழுவிக் காப்பது அந்த எச்சில்தான். ராத்திரியெல்லாம் கடலில் இருந்துவிட்டுப் பகலில் தூங்குபவர்கள், கரைக்கு வந்து டீ குடித்ததும் அப்படியே படுத்துவிடாதீர்கள். எந்த நேரமானாலும் படுக்கும் முன்பு இரண்டு நிமிடம். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டாக இருக்கட்டும். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் கூடவே போய்விடும். கரித்தூள், செங்கல்தூள் வேண்டாம். பல்லின் மேல்தோலை அது அராவிவிடும், திரும்ப முளைக்காது.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வயதில், பால்பற்கள் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அதையும் பால்பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறோம். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பல்லைப் பிடுங்க வேண்டி வரும்போதெல்லாம் எனக்குக் கை வராது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி நல்ல பண்டம்தான், நானும் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் பல்லுக்கு அதுவும் இனிப்புதான். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள், நாள் முழுக்க வாயில் ஒதுக்கிச் சப்ப விடாதீர்கள். மூன்று வயதுக்குள் பேஸ்ட் ஓர் அரிசி அளவு போதும், ஆறு வயது வரை பட்டாணி அளவு.

கடைசியாக வெற்றிலை பாக்கு, புகையிலை. பாசி எடுக்கக் கடலில் இறங்கும் அக்காமார்களும், ராத்திரி முழித்திருக்கும் தம்பிகளும் பசிக்கும் குளிருக்கும் போடுவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பாடு எனக்குத் தெரியும். ஆனால் புகையிலை சேராத வெறும் பாக்குகூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. பாக்குப் போடுகிறவர்கள் இப்போதே மூன்று விரலைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால், காரம் பட்டதும் வாய் எரிந்தால், உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தால், இரண்டு வாரமாகியும் ஒரு புண் ஆறாவிட்டால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாரமே அரசு மருத்துவமனை பல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் வாயையும் அப்போதே பார்த்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.