பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நவம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், ஆண்டுப் பட்டியல்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். இந்த வருடத்தின் சிறந்த பத்து ஆல்பங்கள், சிறந்த ஐம்பது பாடல்கள், மறக்க முடியாத கச்சேரிகள். பத்திரிகைகள் போடும், வானொலிகள் போடும், கைப்பேசியில் இருக்கிற செயலி நம்மைக் கேட்காமலே நம் பெயரில் ஒன்று போட்டு நீட்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ரசிகர்கள் தாங்களே உட்கார்ந்து எழுதும் பட்டியல். தெரிந்தவர்களிடம் வருடாவருடம் கேட்டு வாங்கிப் படிக்கிற ஆள் நான். சிலர் உடனே அனுப்பிவிடுவார்கள். சிலர் "இந்த வருஷம் ஒண்ணுமே தேறலை" என்று அலுத்துக்கொண்டு, பிறகு இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்புவார்கள்.

அப்படிப் படித்துப் படித்து ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்தப் பட்டியலையும் கீழிருந்து மேலே படிப்பேன். முதலிடத்தில் இருக்கும் ஆல்பம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததாகத்தான் இருக்கும், ஊரே பேசியிருக்கும். எட்டாவது, ஒன்பதாவது இடத்துக்குப் போனால்தான் அந்த மனிதர் அகப்படுவார். அங்கே யாரும் கேள்விப்படாத ஒரு குழு இருக்கும், இருபத்து மூன்று நிமிடமே ஓடும் ஒரு ஆல்பம் இருக்கும், "ஏன் பிடிக்கிறதென்று கேட்காதே" என்ற குறிப்போடு ஒரு மூன்றாந்தரப் பாட்டு இருக்கும். அந்தப் பாட்டைத்தான் நான் முதலில் தேடிப் போடுவேன்.

கூட்டாக வாக்கெடுத்துப் போடும் பட்டியலில் முதலிடம் எப்படிக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஐந்து நண்பர்கள், ஆளுக்கு மூன்று பாடல்கள். முதல் பாடலுக்கு 3 புள்ளி, அடுத்ததற்கு 2, கடைசிக்கு 1. ஐந்து பேரும் முதல் இரண்டு இடங்களுக்கு வேறு வேறு பாடல்களைச் சொல்கிறார்கள். ஆனால் மூன்றாவது இடத்தில் ஐந்து பேருமே ஒரே பாடலை எழுதியிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஒவ்வொருவரின் உயிரான பாட்டுக்கும் 3 புள்ளி, அந்தப் பொதுப் பாட்டுக்கு 5. அதுதான் வெற்றி! ஐந்து பேரில் ஒருவருக்குக்கூட அது முதல் விருப்பம் கிடையாது. இதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். யாருக்கும் ஆட்சேபம் இல்லாத பாட்டு என்பதும் ஒரு தகுதிதான். ஆனால் அதை "ரசிகர்களின் மனம் கவர்ந்த பாடல்" என்று அறிவிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

இந்தச் சிக்கல் தெரிந்தவர்கள் விதிகளை மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழ் 1970-களில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் விமர்சகர்களிடம் ஒரு கருத்துக்கணிப்பு நடத்தியது. ராபர்ட் கிறிஸ்கௌ என்ற விமர்சகர் அதற்கு முன்னின்றார். ஒவ்வொருவருக்கும் 100 புள்ளிகள் கொடுத்துவிடுவார்கள். அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். ஓர் ஆல்பத்துக்குக் குறைந்தது 5, அதிகம் போனால் 30. அதாவது, ஒன்றின்மேல் பைத்தியமாக இருந்தால் 30 புள்ளியைக் கொட்டிவிட்டு மற்றவற்றுக்குக் கிள்ளிக் கொடுக்கலாம். எல்லாமே சுமாராகப் பிடித்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்து என்று பங்கு வைத்துவிடலாம். விருப்பத்தின் வரிசை மட்டும் இல்லாமல் அதன் அழுத்தமும் பதிவாகிறது. வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இந்த முறையைத்தான். போட்டுப் பாருங்கள், பத்தாவது ஆல்பத்துக்கு ஐந்து புள்ளி மிச்சம் வைப்பதற்குள் பாடாய்ப் படுத்திவிடும்.

வானொலிக்கும் இந்த ஆண்டுப் பட்டியலுக்கும் உறவு பழையது. 1952-இல் ரேடியோ சிலோனில் தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சியில் அமீன் சயானி இந்திப் பாடல்களை வரிசைப்படுத்திச் சொல்வார், வருடக் கடைசியில் ஆண்டு முழுமைக்கும் ஒரு தொகுப்பு வரும். இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் விருப்பமும் அதில் கணக்கில் சேர்ந்தது. பிரிட்டனில் பிபிசியின் 'ரேடியோ 1' நிலையத்தில் ஜான் பீல் என்ற தொகுப்பாளர் 1976-இல் 'ஃபெஸ்டிவ் ஃபிஃப்டி' என்று ஒன்றை ஆரம்பித்தார். நேயர்கள் ஆளுக்கு மூன்று பாடல்கள் எழுதி அனுப்ப வேண்டும், ஐம்பதாவதிலிருந்து ஒன்று வரை அவர் ஒலிபரப்புவார். பாருங்கள், வானொலியில் எப்போதுமே கீழிருந்துதான் படிக்கிறார்கள்! என் பழக்கத்துக்கு நல்ல துணை இருக்கிறது.

ஆனால் பீலின் பட்டியலில் ஒரு வேடிக்கை நடந்தது. ஆரம்பத்தில் எந்தக் காலத்துப் பாட்டை வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டிருந்தார். 1976-இல் முதலில் வந்தது லெட் செப்பலின் குழுவின் 'ஸ்டேர்வே டு ஹெவன்', ஐந்து வருடம் பழைய பாட்டு. சுதந்திரம் கொடுத்தால் ரசிகர்கள் பழையதிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்கள், ஏற்கெனவே வந்த பாடல்களே திரும்பத் திரும்ப வந்தன. 1982-இல்தான் அந்த ஆண்டின் பாடல்களுக்கென்று தனிப் பட்டியல் பிறந்தது. புதுக் குழுக்களைத் தேடித் தேடி ஒலிபரப்பிய மனிதர் அவர். அவருடைய நேயர்களே அனுப்பிய முடிவுகளைப் பார்த்து அவர் ஒலிவாங்கியிலேயே முணுமுணுத்ததுண்டு.

ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலியில் 'ஹாட்டஸ்ட் 100' என்ற வாக்கெடுப்பு இன்னும் பெரிய திருவிழா. 2015 ஜனவரியில் அங்கே ஒரு ரகளை. அந்த நிலையம் வழக்கமாக ஒலிபரப்பாத டெய்லர் ஸ்விஃப்டின் 'ஷேக் இட் ஆஃப்' பாடலுக்கு வாக்களிக்கச் சொல்லி இணையத்தில் பிரசாரம் கிளம்பியது. பாதிப் பேருக்கு உண்மையான ஆசை, பாதிப் பேருக்கு நிலையத்தாரைச் சீண்டிப் பார்க்கும் ஆசை. கடைசியில் அந்தப் பாடலைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பிரசாரத்துக்கு விழுந்த வாக்கு வாக்கா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. சீண்டுவதற்காகப் போட்டாலும் அந்தப் பாட்டை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள் இல்லையா?

சரி, இப்போது செயலிக்கு வருவோம். 2016 முதல் ஸ்பாட்டிஃபை வருடக் கடைசியில் 'ராப்டு' என்ற பெயரில் நம் ஆண்டுக் கணக்கை வண்ணமயமாகக் காட்டுகிறது. எல்லோரும் அதைப் பகிர்கிறார்கள், நானும் ஆசையாகப் பார்க்கிறேன். ஆனால் அது எண்ணுவது எதை? ஒரு பாடல் 30 நொடி ஓடினால் ஒரு கணக்கு. பின்னால் நாம் கேட்டோமா, தூங்கினோமா, குளிக்கப் போனோமா என்பது அதற்குத் தெரியாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அப்பாவின் ஆண்டின் முதல் பாடல் தாலாட்டாகத்தான் இருக்கும். தூக்கம் வராதவருக்கு மழைச் சத்தம் முதலிடத்தில் வரும். நான் பெரிதாக மதிக்கிற சில ஆல்பங்களை வருடத்தில் மூன்று நான்கு தடவைக்கு மேல் கேட்கவே முடியாது, அவ்வளவு கனம். அவை அந்த வண்ணப் படத்துக்குள் வரவே வராது. இன்னொன்று, டிசம்பர் பிறந்த கையோடு அந்தத் தொகுப்பு வந்துவிடுகிறது. அப்படியானால் கணக்கை அதற்கும் முன்பே மூடியிருக்க வேண்டும். வருடக் கடைசியில் கேட்டது போனது போனதுதான்.

டிசம்பரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 2013 டிசம்பர் 13 அன்று பியான்சே எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு முழு ஆல்பத்தை வெளியிட்டார். பல பத்திரிகைகள் அதற்குள் அந்த ஆண்டின் தீர்ப்பை எழுதி அச்சடித்தே முடித்திருந்தன. இதைவிடப் பழைய கதை தி கிளாஷ் குழுவின் 'லண்டன் காலிங்'. பிரிட்டனில் 1979 டிசம்பரில் வந்தது, அமெரிக்காவில் 1980 ஜனவரியில். அதனால் வில்லேஜ் வாய்ஸ் கணிப்பில் அது 1980-இன் முதல் ஆல்பம். அப்புறம் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அதை 1980-களின் சிறந்த ஆல்பம் என்றே அறிவித்துவிட்டது! பிரிட்டிஷ் ரசிகர் ஒருவர் அதைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

இன்னும் சிக்கலானது பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ் விஷயம். 'ரன்னிங் அப் தட் ஹில்' 1985-இல் வந்த பாடல். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் பயன்படுத்தியதும் 2022 ஜூனில், 37 ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் முதலிடத்துக்கு ஏறியது. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி அந்த வருடம் அதைத் தன் ஆண்டின் பாடல் என்று எழுதினால் அது தவறா? விதிப்படி தவறு. என்னைக் கேட்டால், நூற்றுக்கு நூறு சரி. அவளுக்கு அது அந்த வருடம்தான் வந்தது. ரசிகர்கள் பட்டியலில் 'இந்த வருடம் எனக்குக் கிடைத்த பழையது' என்று ஒரு பகுதி கட்டாயம் வேண்டும் என்பேன். புதியதை மட்டும் எழுதுவது பத்திரிகைக்காரர்களின் வேலை, அவர்களுக்கு அதற்குச் சம்பளம் வருகிறது.

ஆல்பம் என்ற வடிவமே இப்போது எத்தனை பேருக்கு வேண்டும் என்றொரு கேள்வி உண்டு. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேர இசைத்தட்டை அறிமுகப்படுத்தியபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. அந்த இடத்துக்காகவே இசைக்கலைஞர்கள் யோசிக்கக் கற்றுக்கொண்டார்கள். எது முதல் பாட்டு, எது பக்கத்தின் கடைசி, திருப்பிப் போட்டதும் எது என்று. 2014-இல் அமெரிக்க ஆல்பம் தரவரிசைக் கணக்கில், ஓர் ஆல்பத்தின் பாடல்கள் இணையத்தில் 1,500 தடவை ஓடினால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்ற விதி வந்தது. ஒரே பாட்டு 1,500 தடவை ஓடினாலும் சரி. அடெல் கேட்டுக்கொண்டதால் 2021 நவம்பரில் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்தில் பாடல்களைக் கலைத்துப் போடும் பொத்தானை முன்னிலையிலிருந்து எடுத்தது. அதாவது, வரிசையாகக் கேளுங்கள் என்று ஒரு பாடகி கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆல்பம் பட்டியல் போடுகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஒரு சோதனை உண்டு. கடைசிக்கு முந்தைய பாடல் எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அதைப் பாடல் பட்டியலுக்கு மாற்றிவிடுங்கள்.

கச்சேரிகளில் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. ஒரு பாடலை ஐந்து பேரும் கேட்டுவிட்டு வாதாடலாம். ஒரு கச்சேரிக்கு நீங்கள் போயிருக்கிறீர்கள், நான் போகவில்லை, பேச்சு முடிந்தது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு ஒரு சின்ன அரங்கில் வாசித்தது. வந்தவர்கள் சுமார் 40 பேர் என்பார்கள். அதில் இருந்த சிலர் பிறகு தாங்களே குழுக்கள் ஆரம்பித்துப் புகழ்பெற்றார்கள். அது தெரிந்த பிறகு, அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அந்த அரங்கில் அத்தனை நாற்காலியே கிடையாது.

பொய் என்றுகூடச் சொல்ல மாட்டேன், கச்சேரி நினைவு அப்படிப்பட்டது. பாடகர் இரண்டாவது சரணத்தில் வரி மறந்துபோய் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் திருப்புகிறார், கூட்டம் பாடுகிறது, அவர் தலையை ஆட்டிச் சிரிக்கிறார். அரை நிமிடம்கூட இருக்காது. ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அந்த இரவில் மிஞ்சுவது அதுதான். அதற்குப் பின் பாடியது எது, எத்தனை மணிக்கு முடிந்தது எல்லாம் போயிருக்கும். பக்கத்தில் நின்றவர் அந்த நேரம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்திருப்பார். அந்தப் படத்தில் பாடகரின் குரலைவிட எடுத்தவரின் குரல்தான் ஓங்கிக் கேட்கும், அதையும் யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆகவே கச்சேரிக்கு மட்டும் டிசம்பர் வரை காத்திருக்காதீர்கள். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே நாலு வரி எழுதி வையுங்கள். எந்தப் பாட்டில் தொடங்கினார்கள், எங்கே தடுமாறினார்கள், எந்தப் பாட்டுக்குக் கூட்டம் எதிர்பாராமல் அடங்கிப்போனது, ஒலி எப்படி இருந்தது. எங்கே நின்றீர்கள் என்பதையும் எழுதுங்கள். மேடைக்கு மிக அருகில் நின்றவருக்கு மேளம்தான் கேட்டிருக்கும், குரல் கேட்டிருக்காது. ஒலிக் கலவை செய்பவரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றவருக்கு எல்லாம் சரியான அளவில் கேட்டிருக்கும். ஏனென்றால் அவர் அந்த இடத்தில் நின்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். ஒரே இரவு, இரண்டு பேர், இரண்டு கச்சேரி. ஒருவர் பட்டியலில் அது முதலிடம், இன்னொருவர் பட்டியலில் அது இல்லவே இல்லை, இருவருமே பொய் சொல்லவில்லை.

இந்த வருடப் பட்டியலை எழுத உட்காரும்போது இடங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். 'அருமை', 'வேற லெவல்' போன்றவை வேண்டாம், அதை எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டாவது நிமிடத்தில் பின்னணி இசை நின்று குரல் மட்டும் வருகிறது, அதற்காக என்று எழுதுங்கள். நானும் போய் அந்த இரண்டாவது நிமிடத்தைக் கேட்பேன். எழுதி முடித்ததை யாருக்காவது அனுப்புங்கள், பதிலுக்கு அவர்களிடம் ஒன்று வாங்குங்கள். டிசம்பர் 30-ஆம் தேதி ஏதாவது ஆல்பம் வந்து எல்லாவற்றையும் கலைத்துப்போட்டால் கவலைப்படாதீர்கள், அதை அடுத்த வருடத்தின் முதல் வரியாகப் போட்டுக்கொள்ளலாம், விதி போட்டவர்கள் யாரும் வந்து கேட்கப் போவதில்லை.

நன்றி, வணக்கம்.