சர்வரை மாற்றிய மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம்.

2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது. ஒரே கட்டடத்தில் மட்டும் தரவை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் ரத்தப் பரிசோதனை நிலையமோ லாரி புக்கிங் ஆபீஸோ, ஆபீஸில் ஒரு சர்வர் இருந்தால் அம்பத்தூரிலோ சிறுசேரியிலோ இன்னொன்றை வைத்து டேட்டாபேஸைப் பிரதி எடுக்கச் சொல்கிறோம். இந்த ரெப்ளிகேஷன் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும். ஒரு சர்வரை மாற்றும்போதுதான் தகராறு ஆரம்பிக்கும். பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை வைத்தே சொல்கிறேன்.

சவுகார்பேட்டை மொத்தக் கடையில் நாள்வழியைப் பார்த்துப் பேரேட்டில் பதிவார்கள் இல்லையா, அதே வேலைதான். மூல சர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் பைனரி லாக்கில் எழுதுகிறது. ரெப்ளிகாவில், அதாவது பிரதி சர்வரில், ஒரு த்ரெட் (பின்னணியில் ஓடும் ஒரு வேலை) அதை வாங்கிவந்து ரிலே லாக் என்ற தற்காலிகப் பதிவில் வைக்கிறது. இன்னொரு த்ரெட் அதை எடுத்து டேபிளில் பதிகிறது. ஷோ ரெப்ளிகா ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டுக்கும் தனித்தனியே ‘யெஸ்’ அல்லது ‘நோ’ வரும்; வாங்கிவரும் த்ரெட்டுக்கு ‘கனெக்டிங்’ என்றும் வரலாம். எது நின்றது என்று முதலில் பாருங்கள். அதைப் பார்க்காமல் ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருப்பதில் பயனில்லை.

வாங்கிவரும் த்ரெட் நின்றிருந்தாலோ ‘கனெக்டிங்’ என்றே இருந்தாலோ பெரும்பாலும் சின்னக் காரணம்தான். ஃபயர்வாலில் பழைய சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் மைஎஸ்கியூஎல்லின் 3306 போர்ட் திறந்திருக்கும். ரெப்ளிகேஷன் யூசரையும் பழைய ஐபியோடு சேர்த்தே உருவாக்கியிருப்பார்கள்.

ஆனால் ஒரு கோளாறு நிறையப் பேரை அலைக்கழிக்கிறது. புது ரெப்ளிகாவுக்காக டேட்டா டைரக்டரியை, அதாவது தரவு இருக்கும் ஃபோல்டரை, அப்படியே காப்பி செய்வார்கள். அதற்குள் ஆட்டோ டாட் சிஎன்எஃப் என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும். திறந்தால் இரண்டே வரி. இரண்டாவது வரியில் சர்வர் யூயூஐடி, 36 எழுத்துகள். சர்வரின் அடையாளமே அதுதான். மூலத்துக்கும் பிரதிக்கும் அது ஒன்றாக இருந்தால் பிழையோடு வேலை நின்றுவிடும். இரண்டு ரெப்ளிகாக்களுக்கு ஒன்றாக இருந்தால் இன்னும் குழப்பம். ஒன்று உள்ளே வந்ததும் மற்றதன் இணைப்பை மூல சர்வர் துண்டித்துவிடும். இதற்கு மருந்து சுலபம். புது சர்வரில் மைஎஸ்கியூஎல்லை நிறுத்தி, அந்த ஃபைலை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி கிளப்புங்கள், புது அடையாளம் தானே உருவாகும். அப்படியே செட்டிங்கில் நீங்கள் கொடுக்கும் எண்ணான சர்வர் ஐடியும் வேறாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

சரி, பதியும் த்ரெட் நின்றால்? 1062 என்ற பிழை எண் வரும், சேர்க்கப்போன வரிசை (டேபிளில் ஒரு பதிவு) அங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அல்லது 1032, மாற்றப்போன வரிசையையே காணோம். இணையத்தில் தேடினால், ஸ்கிப் கவுன்ட்டர் என்ற செட்டிங்கை ஒன்று என்று வைத்து அந்த மாற்றத்தைத் தாண்டிப் போகச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வரிசை எப்படி அங்கே வந்தது என்று கேளுங்கள். மாற்றும் நேரத்தில் ஏதோ ஒரு அப்ளிகேஷன் ரெப்ளிகாவிலேயே நேரடியாக எழுதியிருக்கலாம். இல்லையென்றால், பேக்கப் எடுத்த இடத்துக்கு முன்னாலிருந்தே லாக்கைப் படிக்கச் சொல்லியிருப்பீர்கள். காரணம் தெரியாமல் தாண்டினால் த்ரெட் ஓடும், ‘யெஸ்’ என்றும் காட்டும், ஆனால் ஒரு நோயாளியின் பரிசோதனை முடிவு இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இருக்கும். நின்றுபோன ரெப்ளிகாவை விட எனக்குப் பயம் தருவது இதுதான். நின்றது உங்களிடம் சொல்லிவிட்டு நிற்கிறது. இது சொல்லாது.

அதற்காகத்தான் ரெப்ளிகாவில் யாரும் நேரடியாக எழுத முடியாதபடி தடுக்கும் சூப்பர் ரீட் ஒன்லி செட்டிங்கை எப்போதும் போட்டுவைக்கச் சொல்கிறேன். வெறும் ரீட் ஒன்லி போதாது, சூப்பர் உரிமை உள்ள யூசரை அது தடுக்காது.

வாங்கிவரும் த்ரெட்டில் 1236 என்ற பிழை வந்து, கேட்ட லாக் மூலத்தில் இல்லை என்றால், சுற்றிவளைக்காமல் புதிதாக பேக்கப் எடுத்து ரெப்ளிகாவை முதலிலிருந்து கட்டுங்கள். 8.0 பதிப்பில் பைனரி லாக் வழக்கமாக 30 நாள் இருக்கும். டிஸ்க் இடத்துக்காக அதைக் குறைத்தவர்கள் சர்வரை மாற்றும் வாரத்திலாவது கூட்டிவையுங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு, எத்தனை நொடி பின்தங்கியிருக்கிறது என்ற இடத்தில் பூஜ்யம் வந்ததும் நிம்மதியாகிவிடுகிறோம். இரண்டு பக்கமும் தரவு ஒன்றுதானா என்பது அந்தப் பூஜ்யத்தில் தெரியாது. பெர்கோனாவின் பிடி டேபிள் செக்சம் என்ற இலவசக் கருவி, டேபிளைத் துண்டு துண்டாக எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிடும். கூட்டம் குறைந்த ராத்திரி நேரத்தில் அதை ஓட்டுங்கள். வித்தியாசம் வந்தால் உடனே சரிசெய்யப் பாயாமல், எந்த டேபிள், எந்தத் தேதி வரிசைகள் என்று பாருங்கள், காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும்.

அதுவரை பழைய சர்வரை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள். டிஸ்க்கை மட்டும் அழிக்காதீர்கள். மாதக் கடைசிக் கணக்கு ஒருமுறை புது சர்வரில் ஓடி முடியட்டும், அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.