நம்ம மலைக்கு மைனஸ் 10 ஸ்லீப்பிங் பேக் எதற்கு?

வணக்கம் மக்களே, போடியிலிருந்து பேசுகிறேன், பின்னால் தெரிவது நம்ம குரங்கணிப் பக்கத்து மலைதான். ஸ்லீப்பிங் பேக் எது வாங்கலாம் என்று விடாமல் கேட்கிறீர்கள், அதில் பாதிப் பேர் "மைனஸ் 10 போதுமா அண்ணா?" என்கிறீர்கள். ஏம்ப்பா, இமயமலைக்கா போகிறீர்கள்?

கொளுக்குமலை, டாப் ஸ்டேஷன், மீசப்புலிமலை எல்லாம் டிசம்பர், ஜனவரியில் நன்றாகவே குளிரும், மூணாறு பள்ளங்களில் சில விடியல்களில் புல்மேல் உறைபனிகூட விழும். ஆனால் அது பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிர், அவ்வளவுதான். அதுவும் பள்ளத்தில்தான் அதிகம், ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கி அங்கேதான் தேங்கும். டென்ட்டைக் கொஞ்சம் மேட்டில் போட்டாலே வித்தியாசம் தெரியும், காசும் செலவில்லை.

சரி, லேபிளுக்கு வருவோம். கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும், ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலைப்படி அளந்தவை. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் மட்டும், அதாவது எத்தனை டிகிரி வரை நிம்மதியாகத் தூங்கலாம் என்கிற எண். லிமிட் என்பது ஒரு ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ தாக்குப்பிடிக்கிற அளவு. எக்ஸ்ட்ரீம் உயிர் பிழைக்கிற கணக்கு, தூங்குகிற கணக்கே இல்லை, ஆனால் மலிவான பைகளில் பெரிய எழுத்தில் போட்டு விற்பது பெரும்பாலும் அதைத்தான்! நம்ம மலைக்குக் கம்ஃபர்ட் 5 டிகிரி இருந்தால், உள்ளே ஒரு தெர்மல் போட்டுக்கொண்டு ஜனவரியையும் ஓட்டிவிடலாம்.

அடுத்து, உள்ளே அடைக்கிறது டவுனா, சிந்தெட்டிக் என்கிற செயற்கைப் பஞ்சா? டவுன் என்றால் வாத்தின் நெஞ்சுப் பக்கத்து மென்தூவி, அதே கதகதப்புக்கு எடை குறைவு, சுருட்டினால் சின்னதாகிவிடும், அதில் சந்தேகமே இல்லை. ஃபில் பவர், அதாவது தூவி எவ்வளவு உப்பும் என்கிற எண், 800 என்று போட்டிருக்கிறதே என்று மயங்காமல் உள்ளே எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்றும் கேளுங்கள், இரண்டும் சேர்ந்துதான் சூடு. ஆனால் நனைந்தால் கட்டிகட்டியாகிப் படுத்துவிடும், நமக்கோ மலைமேல் மேகமே டென்ட்டுக்குள் வந்து போகிறது, டிசம்பரில் வடகிழக்கு மழையும் முழுசாக விட்டிருக்காது. அதனால் கொஞ்சம் கூடுதல் எடை சுமந்தாலும் இந்தப் பக்கம் சிந்தெட்டிக் என்பதே என் கட்சி. காய்ந்த வானமாக இருக்கும் மாதத்தில் போகலாமே என்றால் அது தீக்காலம், 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கி இறந்தது தெரியும், அனுமதி இல்லாமல் ஏறுவதைப் பற்றி என்னிடம் கேட்கவே வேண்டாம்.

பேக்குக்கு முன்னால் மேட் வாங்குங்கள், இதை யாரும் காதில் வாங்குவதில்லை. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு நசுங்கிவிடும், நசுங்கிய பஞ்சில் காற்று நிற்காது, தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சூடு தரைக்கு இறங்காமல் மேட் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்வது ஆர்-வேல்யூ, அது 2 அல்லது 3 உள்ள மேட் போதும். முதுகுப் பக்கமே இல்லாத க்வில்ட் வருவதும் இந்தக் கணக்கில்தான், எடை குறைக்க நினைக்கிறவர்கள் அதைப் பாருங்கள், புரண்டு புரண்டு படுப்பவர்களுக்குச் சரிப்படாது.

அப்புறம், கடையிலேயே உள்ளே படுத்து ஜிப்பை மூடிப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள். ஆறடிக்கு மேல் இருந்தால் லாங் சைஸ் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அமுக்குப் பையில் அப்படியே வைக்காமல் பீரோவில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.