மாட்டோடு பேசுகிற அளவுக்காவது

(கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமத்தில் உழவர்களும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் பேசியது. எழுத்தாக்கும்போது அங்கங்கே சுருக்கியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மைக்கைக் கொஞ்சம் இறக்கி வையுங்க தம்பி, நான் உயரம் பத்தாத ஆள்.

எனக்கு முன்னால் ஒருவர் சொட்டுநீர் மானியத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஒருத்தரும் அசையவில்லை. குழந்தை வளர்ப்பு என்று சொல்லி என்னைக் கூப்பிட்டதும் பின்வரிசையில் நாலு பேர் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். நாலும் ஆம்பளைகள். போகட்டும், வடை ஆறுவதற்குள் தின்றுவிட்டு வரட்டும். எனக்குப் பேச்சே அவர்களோடுதான்.

நான் முப்பது வருடம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். நீங்கள் பால்வாடி டீச்சர் என்பீர்கள், அதுவும் சரிதான். 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் 33 வட்டாரங்களில் ஆரம்பித்த திட்டம் இன்றைக்கு ஊருக்கு ஊர் வந்திருக்கிறது. மாதா மாதம் பிள்ளைகளை எடை போட்டு அட்டையில் புள்ளி வைப்போம். புள்ளி பச்சையில் நின்றால் சந்தோஷம், கீழே இறங்கினால் கவலை. ஆனால் எடைக்குத்தான் அட்டையில் கோடு இருந்தது. பேச்சு பச்சையில் இருக்கிறதா, சிரிப்பு மஞ்சளுக்கு இறங்கிவிட்டதா என்று பார்க்க எங்களிடம் தராசு ஏது?

ஒரு தோட்டத்து வீட்டைச் சொல்கிறேன். ஊரிலிருந்து இரண்டு மைல் தள்ளி, சுற்றிலும் கரும்பும் மஞ்சளும். நம் கொங்கு நாட்டில் இது ஒரு வசதி, இதுவே ஒரு குறையும்கூட. தெருவில் வளர்கிற பிள்ளைக்கு வாசலில் நின்றாலே பத்துப் பேர் பேச்சுக் கொடுப்பார்கள். தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், வளர்கிற பிள்ளைக்கு மோட்டார் சத்தம்தான் துணை. அந்த வீட்டுப் பெண்பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. அந்த வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லையாவது சேர்த்துப் பேச வேண்டும். இவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. எடை மட்டும் அச்சாகப் பச்சையில். "அவங்க அப்பனும் நாலு வயசுலதானுங்க பேசுனான்" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

நான் போனபோது சாயங்காலம் பால் கறக்கும் நேரம். பிள்ளை தூரியில், தொட்டிலில், படுத்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்பத்தா கட்டுத்தரையில் மாட்டிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏஞ்சாமி, தண்ணி குடிக்க மாட்டீங்கிற? வகுறு செரியில்லையா? இந்தா, தட்டுத் தின்னு, நாளைக்கு டாக்டரு வருவாரு." அரை மணி நேரம் பார்த்தேன். மாட்டோடு அவ்வளவு பழமை, அவ்வளவு பேச்சு. தூரிக்குப் பக்கத்தில் ஒரு பேச்சும் இல்லை.

முதலில் பிள்ளையை மாவட்ட ஆஸ்பத்திரியில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறையை முன்கூட்டியே பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போய்க் காது கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். பேச்சு தாமதமானால் இதுதான் முதல் வேலை, "அப்பன் மாதிரி" என்று விட்டுவிடக் கூடாது. காது நன்றாகக் கேட்டது. அப்புறம் அப்பத்தாவிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: செல்லை உள்ளே வைத்துவிட்டு, பிள்ளையைக் கட்டுத்தரைக்குக் கூட்டிப் போய் உட்கார வையுங்கள், மாட்டிடம் பேசுவதை அவளிடமும் பேசுங்கள். சில மாதம் கழித்து அவள் முதலில் சொன்ன சொல் அம்மா என்று நினைத்தீர்களா? "ந்தா." சோளத்தட்டை நீட்டிக்கொண்டு மாட்டைப் பார்த்துச் சொன்னாளாம்.

பிறக்கும்போது பெரியவர்களின் மூளையில் கால் பங்கு அளவு இருக்கிற மூளை, இரண்டு வயதுக்குள் ஐந்தில் நாலு பங்கு ஆகிவிடுகிறது. மஞ்சளுக்கு நட்ட புதிதில் களை வெட்டாமல் விட்டுவிட்டு எட்டாம் மாதம் உரம் கொட்டினால் கிழங்கு பருக்குமா? எல்.கே.ஜி.க்கு லட்சம் கட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. சொல்வது லேசு.

லேசு என்று ஏன் சொல்கிறேன் என்றால், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தாய்மார் கூட்டம் போட்டு, பாடுங்கள், கதை சொல்லுங்கள், ஊட்டும்போது முகத்தைப் பாருங்கள் என்று அடுக்குவேன். ஒரு நாள் ஒரு பெண் எழுந்து, "நீங்க சொல்றதெல்லாம் செரிங்க டீச்சர், எப்பங்க?" என்று கேட்டது. எனக்கு வாய் அடைத்துவிட்டது. காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளிப் பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பி, சோறாக்கி, களை வெட்டுகிற ஆட்களோடு தானும் இறங்கி வெட்டி, மறுபடி கறவை. வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் நடவு முடிகிறவரை உட்கார நேரமில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது இன்னொரு வேலை!

அதற்கப்புறம் தாய்மாரைக் கூப்பிட்டு அறிவுரை சொல்வதைக் குறைத்துக்கொண்டு வீட்டில் மற்றவர்களைப் பிடித்தேன். மாமியாரிடம், "ஒரு நேரக் கறவையை நீங்க பாத்துக்குங்க". மாமனாரிடம், "ஊட்டுற வேலை உங்களுது". அந்த அரை மணி நேரம் கிடைத்தால் எந்தத் தாய்க்கும் பேசச் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் வருடச் சட்டத்தில், ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் வேலைத்தளத்துக்கு வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்தோடு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நான் பார்த்த தளங்களில் வேப்பமரத்தில் தூரிதான் ஆடியது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ரொம்பச் சொல்ல மாட்டேன். காலையும் மாலையும் பத்து லிட்டர் பால் ஊற்றுகிற வீட்டில் பிள்ளைக்கு டீத்தண்ணியும் வர்க்கியும். நாமக்கல் முட்டை எங்கெங்கோ போகிறது, கோழிப்பண்ணைக்காரர் பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும். அப்புறம் தாய்ப்பாலோடு கெட்டியான சாப்பாடு. பருப்புத் தண்ணியில் சக்தி இல்லை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அதுதான் கணக்கு. நம் வீட்டு அரிசியும் பருப்பும் சோற்றைக் குழையப் பிசைந்து நெய் விட்டால் போதும், டப்பா மாவு எதற்கு?

இன்னொன்று, இதைக் கோபமாகத்தான் சொல்வேன். கலர் சோடா குடித்த பாட்டிலில் பூச்சி மருந்தை ஊற்றித் திண்ணையில் வைக்காதீர்கள். பிள்ளைக்கு அது கலர்தான். தண்ணித்தொட்டியை மூடுங்கள். டிராக்டரைப் பின்னால் எடுக்குமுன் இறங்கி ஒரு சுற்று வாருங்கள்.

சிலருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடி காலனிப் பக்கம் இருக்கிறது என்பதற்காகவே பிள்ளையை அனுப்பாத வீடுகள் எனக்குத் தெரியும். மூன்று வயதுப் பிள்ளையைத் தூங்கத் தூங்க வேனில் ஏற்றுகிறீர்கள். பக்கத்திலேயே மணலும் மண்சட்டியும் பத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உங்கள் தோட்டத்துச் சாளையில் தங்கியிருக்கும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளையையும் கையோடு கூட்டி வாருங்கள். அதற்குத் தமிழ் தெரியாது என்பீர்கள். நம் பிள்ளைகளோடு மண்ணில் விளையாடினால் தானாகவே வரும்.

வாங்க, வாங்க, டீ குடிக்கப் போனவங்க வந்துட்டீங்க. உட்காருங்க. அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தே வயதைச் சொல்கிற ஆட்கள் நீங்கள். கட்டுத்தரையில் நிற்கிற மாட்டுக்கு எத்தனை பல் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வீர்கள். இப்போது உங்கள் வீட்டுக் கைக்குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

(பெண்கள் பக்கம் சிரிப்பு. பின்வரிசையில் ஒருவர் செல்லை எடுத்து வீட்டுக்குப் போன் போட்டார்.)