துருக்கி ரவை அல்வா உதிரியா வரலையா? சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "துருக்கி ரவை அல்வா செஞ்சேன், உதிரியா வராம கேசரி மாதிரி சேர்ந்துபோச்சு. பைன் நட்ஸ் விலையும் கட்டுப்படியாகல. என்ன செய்யலாம்?"னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க.

துருக்கியில இதை இர்மிக் ஹெல்வாசின்னு சொல்வாங்க. ஒரு வீட்டுல துக்கம்னா இதைக் கிண்டி வந்தவங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கிற வழக்கம் அங்க இன்னும் இருக்கு. அதனால எல்லார் வீட்டுலயும் இருக்கிற சாமான்தான்: ரவை, வெண்ணெய், சர்க்கரை, பால்.

அளவை முதல்ல சரிபார்த்துக்கோங்க. 200 மி.லி. டம்ளர்ல ரவை 1, சர்க்கரை முக்கால், பால் 1, தண்ணி 1. வெண்ணெய் 75 கிராம், அதோட 1 டேபிள் ஸ்பூன் வாசனையில்லாத எண்ணெய். பைன் நட்ஸ், அதாவது பைன் மரத்தோட விதைப் பருப்பு, 1 டேபிள் ஸ்பூன். உப்புமா ரவைதான் வேணும். சிரோட்டி ரவை ரொம்ப நைஸ், அதுல எப்படிப் பண்ணாலும் கொழையும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். நம்ம கேசரிப் பழக்கம்தான் இதைக் கெடுக்குது. கேசரிக்கு ரவையைத் தண்ணியில நல்லா வேகவிட்டு, அப்புறம்தான் சர்க்கரை போடுவோம். முன்னாடியே போட்டா சர்க்கரை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும், ரவை முழுசா ஊறாது. இந்த அல்வாவுக்கு அதுதான் வேணும்! சர்க்கரை கரைஞ்ச பாலை ஊத்தும்போது ரவை அளவா ஊறி, உடையாம தனித்தனியா நிக்கும். அதுக்காக சர்க்கரையை 1 டம்ளருக்கு மேல ஏத்திடாதீங்க, ரவை நறுக்நறுக்குன்னு கடிபடும். பாகும் காய்ச்ச வேண்டாம். பால், தண்ணி, சர்க்கரை மூணையும் சேர்த்துச் சூடுபண்ணி, சர்க்கரை கரைஞ்சாப் போதும்.

ரெண்டாவது, வறுக்கிறது. ரெண்டு நிமிஷம் புரட்டி எடுத்தா பத்தாது. அடிகனமான பாத்திரத்துல வெண்ணெய், எண்ணெய், ரவை, பைன் நட்ஸ் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு, சின்னத் தீயில 20லேர்ந்து 25 நிமிஷம் கைவிடாம கிளறணும். வறுத்த ரவைன்னு பாக்கெட்டுல வாங்கினதா இருந்தாலும் இதே கதைதான். முதல்ல ஈரமணல் மாதிரி கனமாக் கிடக்கும். ஈரம் போகப் போக லேசாகி, கரண்டியைச் சாய்ச்சா பொலபொலன்னு சரியும். பைன் நட்ஸ் பொன்னிறமாச்சுன்னா ரவையும் தயார், துருக்கி வீடுகள்ல அதுதான் கணக்கு. தீயைக் கூட்டினா வெண்ணெயில இருக்கிற பால்சத்து கருகிக் கசக்கும். நெய்யிலயும் பண்ணலாம், ஆனா வாசனை நம்ம ஊர்ப் பக்கம் வந்துடும்.

பைன் நட்ஸுக்குப் பதிலா முந்திரித் துண்டு தாராளமாப் போடுங்க. அது சீக்கிரம் சிவந்துடும், அதனால கடைசி 8 நிமிஷத்துல சேருங்க. அப்போ அதை வெச்சுப் பக்குவம் பார்க்க முடியாது, ரவையோட நிறத்தைத்தான் பார்க்கணும். வெளிர் மஞ்சள்ல நிறுத்தாதீங்க, பிஸ்கட் நிறம் வரணும்.

பாலைச் சூடாத்தான் ஊத்தணும், ஆனா ஒரேயடியாக் கவுத்தாதீங்க. ரவை 100 டிகிரிக்கு மேல கொதிச்சுட்டு இருக்கு, தண்ணி பட்டதும் ஆவியாப் பொங்கித் தெறிக்கும். அடுப்பை அணைச்சுட்டு, நீளக் கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. பக்கத்துல குழந்தைங்க நிக்க வேண்டாம்.

எல்லாத்தையும் ஊத்தி ஒரு தடவை கிளறி மூடிடுங்க. ரொம்பச் சின்னத் தீயில 4, 5 நிமிஷம், பால் வத்துற வரைக்கும். இந்த நேரத்துல கிளறக்கூடாது. கிளறக் கிளற ரவையோட மாவு வெளிய வந்து ஒட்டிக்கும், நேயருக்கு ஆனது பெரும்பாலும் இதுதான். அணைச்சதும் மூடிக்கு அடியில ஒரு சுத்தமான துணி போட்டு 20 நிமிஷம் விடுங்க. இல்லன்னா ஆவி தண்ணியாச் சொட்டி மேல் பக்கம் கொழகொழன்னு ஆயிடும்.

அப்புறம் முள்கரண்டியால கிளறி உதிர்த்துவிட்டு, மேல கொஞ்சம் பட்டைத்தூள் தூவி வெதுவெதுப்பாச் சாப்பிடலாம். அங்க ஹோட்டல்கள்ல நடுவுல ஐஸ்கிரீம் வெச்சும் கொடுப்பாங்க. ஃப்ரிட்ஜில வெச்சா வெண்ணெய் உறைஞ்சு இறுகும். 2 ஸ்பூன் பால் தெளிச்சு, மூடி வெச்சுச் சூடுபண்ணினா மறுபடி உதிரும்.